கனம் கோர்ட்டார் நம்பிய நாய்

கீழ்க் கோர்ட்டில் ஜெயித்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் ஜெயராணி நினைத்திருந்தாள். அவளைப் போல நினைக்கிறவர்கள் புதுக்கோட்டைச் சீமையில் நிறையப் பேர் உண்டு. மேலே இன்னொரு கோர்ட்டு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அப்பீல் போட்டுவிட்டு, தண்டனையை நிறுத்திவைத்துக்கொண்டு, சலவைச் சட்டையில் ஊருக்குள் உலாவுகிறார்கள்.

கவியரசன் அப்படித் தெரிந்தவன். ஆவூருக்குப் பக்கத்து ஊரில் பால் சொசைட்டிச் செயலாளர். ஜெயராணி அதே ஊர்க்காரி. புருஷன் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். வீட்டில் இரண்டு கறவை மாடு. காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றுவாள்.

ஒருநாள் சாயங்காலம் மற்றவர்கள் ஊற்றிவிட்டுப் போன பிறகு கவியரசன் அவளைக் கூப்பிட்டான். "ஒன் பாலு தண்ணி காட்டுது. உள்ள வா, இன்னொருக்கா டெஸ்ட் பண்ணணும்."

பாலில் தண்ணீர் என்றதும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு பால் குளிரவைக்கும் அறைக்குள் போனாள். பின்னாலேயே வந்தவன் கதவைச் சாத்தினான். பிடித்தான். ரவிக்கை தோளில் கிழிந்தது. அவள் கத்தினாள். குளிரூட்டும் மெஷின் போட்ட இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. வாய்க்கு எட்டியது அவனுடைய வலது கை. பலத்தையெல்லாம் கூட்டிக் கடித்தாள். அவன் கையை உதறிய நேரத்தில் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

அன்று ராத்திரியே வீட்டுக்கு ஆள் வந்தது. பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். பொம்பளைப்பிள்ளை பெயர் கெட்டுவிடும் என்றார்கள். யாருடைய பெயர் என்று அவள் கேட்டதும் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

கீழ்க் கோர்ட்டில் ஒரு மாஜிஸ்திரேட்டம்மா இருந்தார். ஜெயராணி கூண்டில் நின்று சொன்னதை முகத்தைப் பார்த்துக் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நாள் குறுக்கு விசாரணை செய்ததையும் கேட்டார். கடைசியில், "இந்தச் சாட்சி சொல்வது உண்மை என்று நம்புகிறேன்" என்று எழுதி, கவியரசனுக்கு இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தார். அந்தம்மாவுக்கு அனுபவம் போதாது என்று பின்னால் வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்பீல் போன இடம் புதுக்கோட்டை டவுனில், சமஸ்தானக் காலத்தில் நெல் மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கட்டடம். மூட்டைகளை அப்புறப்படுத்திவிட்டு மேல்முறையீட்டு மன்றம் வைத்திருந்தார்கள். எலிகள் அப்படியே இருந்தன. நீதிபதி செம்மல் அங்கே அமர்ந்து நியாயம் வழங்கிவந்தார்.

செம்மல் தமிழ்ப் பற்றாளர். மகளிர் தினத்தில் அவர் பேசாத கல்லூரி அந்த வட்டாரத்தில் இல்லை. பெண்ணின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் அவருக்கே கண் கலங்கும், கைக்குட்டை எடுப்பார், மாணவிகள் கைதட்டுவார்கள். அப்பீல் அவரிடம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அரசு வக்கீல் ராஜலட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று ஜெயராணிக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் வாய்தாவுக்கு, துணைக்குப் பக்கத்து வீட்டு சொர்ணவல்லியைக் கூட்டிக்கொண்டு ஜெயராணி போனாள். பின்வரிசைப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். செம்மல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலம் ஒன்றே போதும். வேறு சாட்சி தேவையில்லை. துணைச்சாட்சியம் கேட்பது, காயத்தின் மேல் உப்பைத் தூவுவதற்கு ஒப்பாகும். இது சட்டம். இந்த மன்றம் அதைத் தலைமேல் வைத்துப் போற்றுகிறது."

சொர்ணவல்லி ஜெயராணியின் கையை அழுத்தினாள். "சாமி மாதிரி பேசுறாருடி."

"ஆனால்," என்றார் செம்மல்.

அந்த 'ஆனால்' என்ற சொல்லை அவர் அவசரப்படாமல், வாய்க்குள் ஒருதரம் உருட்டி வெளியே விட்டார். முன்வரிசை வக்கீல்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை சொன்னதையெல்லாம் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போதுதான் பேனாவைத் திறந்தார்கள்.

"ஆனால், அந்தச் சாட்சி அப்பழுக்கற்ற சாட்சியாக இருக்க வேண்டும். அழ வேண்டும், அழுது நடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்; எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தால் மனப்பாடம் என்று ஐயம் வரும். உடனே புகார் தர வேண்டும். உடனே தந்துவிட்டால் குடும்ப மானத்தைப் பற்றி யோசிக்காத பெண்ணா என்ற கேள்வி எழும். இந்த மன்றம் பெண்ணை நம்புகிறது. எல்லாப் பெண்களையும் நம்புகிறது. ஒரு குறிப்பிட்ட பெண்ணை நம்பச் சொல்லும்போதுதான் சிரமம் வருகிறது."

ராஜலட்சுமி எழுந்தார். "அப்படி ஒரு அப்பழுக்கில்லாத சாட்சியைக் கனம் கோர்ட்டார் இதுவரைக்கும் பாத்திருக்கீங்களா ஐயா?"

"என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை," என்று பெருமையாகச் சொன்னார் செம்மல். "பார்த்திருந்தால், இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று ஐயப்பட்டிருப்பேன்."

கவியரசனின் வக்கீல் முத்துராஜ் இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார். முத்துராஜ் பெரிய வக்கீல். அந்த மன்றத்தில் அவருடைய கறுப்பு அங்கி மட்டும் வெளுக்காமல் இருந்தது.

"ஐயா, இந்தப் பெண் கூண்டில் நின்றபோது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இயல்பான பெண் அழுதிருப்பாள்."

செம்மல் காகிதக் கட்டைப் புரட்டினார். "ஆமாம். இந்தத் தாளைப் படிக்கும்போதே தெரிகிறது. ஈரமே இல்லை. அந்த அம்மையார் இப்போது நேரில் இருந்திருந்தால் முகத்தையாவது பார்த்து முடிவு செய்திருக்கலாம். என்ன செய்வது!"

ஜெயராணி சட்டென்று எழுந்தாள். "இந்தா, இங்கிட்டுத்தான் இருக்கேங்கய்யா."

மன்றம் அதிர்ந்துபோயிற்று. டவாலி ஐயனார் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அவளை நோக்கி ஓடிவந்தார். கோர்ட்டில் கட்சிக்காரர்களை மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர். குரல் கொடுக்கத்தான் அவருக்குச் சம்பளம். மற்றவர்கள் குரலை அடக்குவதும் அதில் சேர்த்தி.

செம்மல் கோபப்படவில்லை. பரிவோடுதான் சொன்னார். "உட்காருங்கள் அம்மா. மேல்முறையீட்டில் நீங்கள் நேரில் இருக்க முடியாது. நீங்கள் ஆவணத்தில் இருக்கிறீர்கள்."

"ஆவணத்துல அழுகலைன்னு சொல்றீங்களே, அன்னைக்கி அந்த வக்கீலய்யா கேட்ட கேள்விக்கு அழுதா நாக்கு கொழறுமேன்னு அடக்கிக்கிட்டு நின்னேங்க."

"அடக்கிக்கொண்டார்," என்று செம்மல் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். "அதாவது, உணர்ச்சியைத் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்தும் திறன் படைத்தவர்."

ஜெயராணி உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் பேசினால் இன்னும் என்னென்ன திறன்கள் தனக்கு இருப்பதாக எழுதுவாரோ என்று பயமாயிருந்தது.

அடுத்த வாய்தாவில் கத்தலைப் பற்றிய பிரச்சினை வந்தது. அவள் கத்தியிருந்தால் எதிரே இருக்கும் டீக்கடைக்குக் கேட்டிருக்கும், கேட்கவில்லை, ஆகவே அவள் கத்தவில்லை, கத்தாத பெண் சம்மதித்த பெண் என்று முத்துராஜ் வாதாடினார். மெஷின் இரைச்சல் என்று ராஜலட்சுமி சொன்னார். செம்மல் கண்ணை மூடி யோசித்தார். வழக்கை அறிவியல் முறையில் அணுக வேண்டும் என்று அறிவித்தார். இளம் வக்கீல் ஒருவரை ஆணையராக நியமித்து, சொசைட்டிக்கு நேரில் போய் ஒருவரைக் கத்தச் சொல்லிச் சோதித்து அறிக்கை தர உத்தரவிட்டார்.

"நானே வந்து கத்துறேங்கய்யா," என்றாள் ஜெயராணி.

"நீங்கள் கத்தினால் அது வழக்கில் அக்கறை உள்ளவரின் கத்தல். நடுநிலையான கத்தல் வேண்டும்." செம்மலின் பார்வை மன்றத்தைச் சுற்றிவந்து ஐயனார் மேல் நின்றது.

ஆணையரும் ஐயனாரும் ஒரு பகல் வேளையில் காரில் ஊருக்கு வந்து இறங்கினார்கள். ஊரே கூடிவிட்டது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால் கவியரசன் திரும்பவும் செயலாளர் நாற்காலியில் இருந்தான். அந்த நாற்காலியையே ஆணையருக்குப் போட்டான். கோர்ட்டு ஆட்களுக்குக் குடிக்கச் சூடாகப் பால் வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்ததை ஆணையர் பாராட்டினார்.

அன்று அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. மெஷின் செத்த மாடு மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது.

"கரண்டு வந்து மெஷினு ஓடட்டும் தம்பி, அப்பறம் கத்தச் சொல்லுங்க," என்றாள் சொர்ணவல்லி.

ஆணையர் உத்தரவை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்தார். "கத்தணும்னு போட்டிருக்குக்கா. மெஷினைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல. இல்லாததை நான் செய்ய முடியாது."

ஐயனார் உள்ளே போனார். கதவு மூடப்பட்டது. வெளியே டீக்கடைக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே சத்தமே இல்லை. ஆணையர் கதவைத் தட்டி, "என்னாச்சு?" என்றார்.

"என்னன்னு கத்துறதுங்க?" என்று ஐயனாரின் குரல் கேட்டது. "எனக்குப் பேரு சொல்லிக் கூப்பிட்டுத்தான் பழக்கம்."

"அதையே செய்ங்க."

அவ்வளவுதான். முப்பது வருஷப் பழக்கம் ஐயனாரின் அடிவயிற்றிலிருந்து கிளம்பிவந்தது. "ஜெயராணீ! ஜெயராணீ! ஜெயராணீ!"

மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. கோர்ட்டில் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லாவிட்டால் வழக்கு போய்விடும் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். தன்னையறியாமல், "இருக்கேங்க!" என்று ஜெயராணி குரல் கொடுத்தாள்.

ஆணையரின் அறிக்கை சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. மூடிய அறைக்குள்ளிருந்து எழுப்பப்பட்ட கத்தல் வெளியே தெளிவாகக் கேட்டது; கேட்டதோடன்றி, பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெண்மணி அதற்குப் பதிலும் அளித்தார்; எனவே அந்த அறையில் கத்தினால் கேட்கும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

வீட்டில் புருஷன் சொன்னார். "விட்டுரு ராணி. இனிமே நீ என்ன சொன்னாலும் அவுக வேற ஒண்ணா எழுதிக்கிருவாக."

"நான் விட்டா, அவன் சொன்னதுதான் நெசம்னு ஆயிரும்," என்றாள். சொசைட்டியில் பால் ஊற்றுவதை நிறுத்தியிருந்தாள். விடியற்காலையில் எழுந்து முதல் பஸ்ஸில் இலுப்பூர் டீக்கடைகளுக்குப் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வாய்தாவுக்குப் போவாள். பஸ்ஸில் சில பெண்கள் அவளுக்கு இடம் விட்டு உட்கார்வார்கள். சில பேர் இடம் விடாமல் உட்கார்வார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

இறுதி வாதம் கதவில் ஆரம்பித்தது.

"ஐயா, இந்தப் பெண் போலீஸில் 'கதவைச் சாத்தினான்' என்கிறார். கோர்ட்டில் 'கதவை அடைத்தான்' என்கிறார். எது உண்மை? ஒரு கதவு இரண்டு விதமாக மூடப்பட முடியாது," என்றார் முத்துராஜ்.

"அதே முத்துராஜ் சார்தான் போன வாய்தாவுல, இந்தம்மா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சொல்லுது, அதனால சொல்லிக்கொடுத்த சாட்சின்னு வாதாடினாருங்கய்யா," என்றார் ராஜலட்சுமி.

"இரண்டும் என் வாதங்கள்தான்," என்றார் முத்துராஜ். "எது வேண்டுமோ அதைக் கனம் கோர்ட்டார் எடுத்துக்கொள்ளலாம்."

செம்மலின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. வழக்கில் தமிழ் புகுந்துவிட்டது. அகராதிகளை எடுத்துவரச் சொன்னார். ஐயனார் இரண்டு நடை போய்ச் சுமந்துகொண்டு வந்தார். அகராதிகளுக்குப் பின்னால் நீதிபதியின் தலை கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"சாத்துதல்," என்று அவர் குரல் மட்டும் வந்தது. "மூடுதல் என்பது ஒரு பொருள். அணிவித்தல் என்பது இன்னொரு பொருள். அம்மனுக்குப் பட்டுச் சாத்துகிறோம், மாலை சாத்துகிறோம். அடித்தல் என்பதும் உண்டு. நாலு சாத்து சாத்தினான் என்கிறோம். ஆக, கவியரசன் கதவை மூடினாரா, கதவுக்கு மாலை போட்டாரா, கதவை அடித்தாரா என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை."

"கதவுக்கு எவன்யா மாலை போடுவான்?" என்று சொர்ணவல்லி முனகினாள்.

சாப்பாட்டு நேரம்வரை அடைத்தல் என்ற சொல் ஆராயப்பட்டது. கடன் அடைத்தல், அணையை அடைத்தல், ஆட்டைப் பட்டியில் அடைத்தல் என்று அது விரிந்துகொண்டே போயிற்று. ஜெயராணி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறையின் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்ட சத்தம் இன்னும் அவள் கனவில் வரும். அதற்கு இத்தனை அர்த்தம் இருப்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

சாப்பாட்டுக்குப் பிறகு நாய் வந்தது.

கவியரசனின் கையில் பல் பதிந்த காயம் இருந்தது. அதை அவனால் மறைக்க முடியவில்லை. போலீஸே போட்டோ எடுத்திருந்தது. ராஜலட்சுமி அதைத் தன் கடைசி ஆயுதமாக வைத்திருந்தார்.

"அது நாய்க்கடி, ஐயா," என்றார் முத்துராஜ். "அன்று மாலை சொசைட்டிக்குப் பின்புறம் என் கட்சிக்காரரை ஒரு நாய் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்."

"ஊசி போட்டது, இந்தம்மா போலீஸ்ல புகார் குடுத்ததுக்கு அப்புறம்ங்கய்யா. அந்த நாயைப் பாத்தவங்க ஊர்ல ஒருத்தருமில்ல. நாய்க்குச் சொந்தக்காரரும் இல்ல. இவரு சொல்றதைத் தவிர நாய்க்கு வேற ஆதாரமே கெடையாது."

செம்மல் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "அம்மையாரே, நாய் சாட்சி வைத்துக்கொண்டா கடிக்கும்?"

மன்றம் சிரித்தது. நீதிபதி சொன்ன நகைச்சுவைக்கு எவ்வளவு சிரிக்க வேண்டுமோ அவ்வளவு சிரித்து, சரியான இடத்தில் நிறுத்தியது.

"இதத்தாண்டி நானும் கேக்குறேன்," என்றாள் ஜெயராணி சொர்ணவல்லியிடம். "கவியரசனும் சாட்சி வச்சுக்கிட்டாடி கதவைச் சாத்துனான்?"

"விசாரணையின் தொடக்கத்துல செவலை நாய்னு சொன்னாரு. அப்புறம் கறுப்பு நாய்னாருங்கய்யா," என்று ராஜலட்சுமி விடாமல் சொன்னார்.

"அந்தி நேரம். நாய் கடித்த மனிதரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிறத்தையா அவர் பார்த்துக்கொண்டிருப்பார்? வலியில் இருக்கும் ஒருவரிடம் இவ்வளவு நுணுக்கத்தை எதிர்பார்ப்பது மனிதத்தன்மை ஆகாது. இப்படிச் சின்னச் சின்ன முரண்பாடுகள் இருப்பதே அவர் இயல்பாகப் பேசுகிறார் என்பதற்கு அடையாளம்."

ராஜலட்சுமி உட்கார்ந்து அடுத்த வழக்கின் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு நாளன்று மன்றம் நிரம்பியிருந்தது. கவியரசனின் ஆட்கள் மாலையோடு வந்து வராந்தாவில் நின்றார்கள். தீர்ப்பு என்னவென்று இன்னும் தெரியாத நேரத்தில் மாலை எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

செம்மல் வாசித்தார். முதல் பாதி முழுக்கப் பெண்தான். பெண் தெய்வம், பெண் நதி, பெண் விளக்கு. கைக்குட்டையும் வந்தது. பெண்ணின் வாக்குக்குத் துணைச்சாட்சியம் தேடுவது நாகரிகமற்ற செயல் என்று ஓங்கிய குரலில் கண்டித்தார். பிறகு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"ஆனால், நாய் கடிப்பது இயற்கை. பால் ஊற்ற வந்த பெண் கடிப்பது இயற்கையன்று. ரவிக்கை கிழிந்திருந்தது உண்மை. துணி கிழிவது துணியின் தரத்தைச் சார்ந்தது. மேலும், துணைச்சாட்சியம் தேவையில்லை என்பது சட்டமாதலால், ரவிக்கையையும் பல் தடத்தையும் இம்மன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை நீக்கிப் பார்த்தால், இப்பெண்ணின் சொல்லுக்கு ஆதரவாக எந்தத் துணைச்சாட்சியமும் இல்லை. எனவே மேல்முறையீடு ஏற்கப்பட்டு, கவியரசன் விடுதலை செய்யப்படுகிறார். ஜெயராணி அம்மையாரின் துணிச்சலை இம்மன்றம் மனதாரப் பாராட்டுகிறது."

வராந்தாவில் கைதட்டல் கேட்டது. ஜெயராணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. வந்தாலும் அதை யாராவது எழுதிக்கொள்வார்கள்.

செம்மல் திடீரென்று நிமிர்ந்தார். "யார் அது? 'நல்லாருக்கு ஒங்க ஞாயம்' என்று சொன்னது யார்?"

அவருடைய விரல் ஜெயராணியை நோக்கி நீண்டது. "அந்தப் பெண்தான். என் காதால் கேட்டேன்."

ஜெயராணி வாயே திறக்கவில்லை. நெஞ்சுக்குள் அதைவிட மோசமான வார்த்தைகள் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை.

"இந்தம்மா ஒண்ணும் பேசலைங்கய்யா. பக்கத்துல இருக்குற யாருக்கும் கேக்கலை," என்று ராஜலட்சுமி எழுந்தார்.

"உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் சொல்லப்படவில்லை என்று ஆகிவிடுமா?" செம்மலின் குரல் உடைந்தது. இதுவரை எந்த வழக்கிலும் அவர் அப்படிப் பேசியதில்லை. "பாதிக்கப்பட்டவன் நான். நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? எனக்கும் இந்தப் பெண்ணுக்கும் முன்விரோதமா? என்னை அவமதித்துவிட்டார்கள் என்று நானே நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்வதில் எனக்கு என்ன லாபம்? மானமுள்ள எவனாவது இதைக் கற்பனை செய்து சொல்வானா?"

முத்துராஜ்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீதிமன்ற அவமதிப்பு. மன்றம் எழும்வரை இந்தப் பெண் காவலில் நிற்க வேண்டும்."

பெண் போலீஸ் ஒருவர் வந்து ஜெயராணியை முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். முதல் முறையாக நீதிபதியின் முகத்தை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். அவர் நிஜமாகவே புண்பட்டிருந்தார். உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்கய்யா," என்றாள் ஜெயராணி. "நான் சொன்னேங்கிறதுக்கு வேற யாராச்சும் சாட்சி இருக்காங்களா?"

"தேவையில்லை," என்றார் செம்மல். "நான் சொல்வதே போதும்."

அவர் ஆனால் என்று எதையாவது சொல்வார் என மன்றம் காத்திருந்தது. சொல்லவில்லை.

பின்வரிசையில் சொர்ணவல்லி சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வேறு வழக்குகளுக்கு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஜெயராணியைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். ராஜலட்சுமி மேசைமேல் கவிழ்ந்து தோள் குலுங்கக் கிடந்தார்.

"யார் சிரித்தது?" என்று கத்தினார் செம்மல். "கிளார்க், யார் சிரித்தது?"

"பாக்கலைங்கய்யா," என்றார் கிளார்க்.

"ஐயனார்!"

"எனக்குக் காது மந்தங்கய்யா," என்றார் ஐயனார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

செம்மல் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். யாரைப் பார்த்தாலும் அவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐயனார் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். "மன்றம் எழும்வரைன்னுதானே ஐயா சொன்னாரு? எந்திரிச்சுட்டாரு. தண்டனை முடிஞ்சுருச்சு, நீ போ தாயி."

வராந்தாவில் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "வாடி, நாலு மணி பஸ்ஸப் பிடிச்சுரலாம்," என்று சொர்ணவல்லி பையை எடுத்தாள்.

ஜெயராணி நடந்தவள் நின்றாள். பின்வரிசை ஓரத்தில் கல்லூரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஒம் பேரு என்னம்மா?"

"கார்த்திகா. அடுத்த கேசு என்னோடதுக்கா. ஐயா திரும்ப வந்ததும் கூப்பிடுவாங்களாம்."

"கூட யாரும் வரலையா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

ஜெயராணி பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். சொர்ணவல்லி பையைக் கீழே வைத்துவிட்டு ஜெயராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாங்க இருக்கோம்," என்றாள் ஜெயராணி. "தேவையில்லைன்னுதான் சொல்லுவாரு. இருந்தாலும் இருக்கோம்."